சூப் வண்டிக்கான செயற்குழு

ஐலாவின் டிரெய்லருக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க ஐந்து இன்ஜினியர்களுக்கு ஐந்து வாரம் பிடித்தது. கோளாறு என்னவென்று ஐலாவுக்கு முதல் நாளே தெரியும். அவளை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வடகோடியில் இருக்கும் ஊலு நகரத்துச் சைக்கிள் பாதையில் அந்த டிரெய்லர் சமர்த்தாகப் பின்னால் வரும். நகராட்சி வண்டி காலையிலேயே பனியை வழித்துப் பொடிக்கல்லைத் தூவிவிட்டுப் போயிருக்கும். முள் டயர் போட்ட சைக்கிளை அதன்மேல் மிதித்தால், நடுக்குளிர்காலத்திலும் எண்பது கிலோவை இழுத்துக்கொண்டு கடற்கரை வரை பாட்டுப் பாடிக்கொண்டே போகலாம். கரையைத் தாண்டி உறைந்த கடலில் இறங்கியதும்தான் வண்டவாளம் தெரியும். அங்கே பாதை என்றால் பனி ஸ்கூட்டர்கள் போய்ப் போய் இறுகிய தடம் ஒன்றுதான். ஒன்றரை முழம் அகலம் இருந்தால் அதிகம். சைக்கிள் அதில் ஜோராகப் போகும். டிரெய்லர் அதைவிட ஒரு சாண் அகலம். ஆகவே இடது சக்கரம் தடத்துக்கு இடப்பக்கமும் வலது சக்கரம் வலப்பக்கமும் விழுந்து, புதுப்பனியில் அச்சு வரை புதைந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் இழுத்தால் கடலையே சேர்த்து இழுக்க வேண்டியதுதான்.

இழுத்தே ஆக வேண்டிய கட்டாயம் ஐலாவுக்கு இருந்தது. இருபத்திரண்டு வருடம் போன் கம்பெனியின் கேண்டீனில் சமைத்தவள் அவள். கம்பெனியை மூடியபோது இன்ஜினியர்களுக்குக் கனமான பண உறையும் கைகுலுக்கலும் கிடைத்தன. கேண்டீன்காரிக்குக் கைகுலுக்கல் மட்டும் கிடைத்தது. அதன் பிறகு மூன்று வருடம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில், தன்னம்பிக்கை வளர்ப்பது எப்படி என்று தன் மகள் வயதுப் பெண்கள் எடுத்த வகுப்புகளில் உட்கார்ந்து உட்கார்ந்து, இருந்த தன்னம்பிக்கையும் கரைந்துபோயிற்று. ஐம்பத்தாறு வயதில் யார் வேலை கொடுப்பார்கள்?

கெம்பைனென் கொடுத்தான். மார்ச் மாதம் உறைகடலில் நடக்கும் மீன்பிடிப் போட்டிக்கு அவன்தான் தலைவன். முந்நூறு பேர் பனியில் துளை போட்டு, முக்காலியில் உட்கார்ந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் நாள் முழுக்கச் சந்தோஷமாக இருக்கும் போட்டி அது. அத்தனை பேருக்கும் இதுவரை சாசேஜ் சுட்டு விற்றுக்கொண்டிருந்தவன் பெண்டி. அவன் சுடுவதும் கரியாக்குவதும் ஒன்றுதான்.

"இந்த வருஷம் உன் மீன் சூப்ப ஒரு தடவ போட்டுப் பாக்கறேன்," என்று கெம்பைனென் அவளிடம் சொன்னான். "பதினோரு மணிக்குள்ள சூடா அங்க இருக்கணும். இருந்துச்சுன்னா அஞ்சு வருஷத்துக்கு உன் பேர எழுதிருவேன். ஆறிப்போய் வந்தாலோ, லேட்டா வந்தாலோ, பெண்டியோட கரிதான். என்ன சொல்ற?"

"எழுதிக்கோ," என்றாள் ஐலா. அவளிடம் காரும் இல்லை, பனி ஸ்கூட்டரும் இல்லை. ஒரு சைக்கிளும் இந்த டிரெய்லரும்தான் சொத்து. ஆனால் அவள் பெயரை ஒருவன் ஒரு தாளில் எழுதுகிறேன் என்று சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கவலையால் அல்ல, சந்தோஷத்தால்.

மறுநாள் அவள் செய்த ஒரே தவறு, கீழ்வீட்டு ஒஸ்மோவிடம் ட்ரில் மிஷினை இரவல் கேட்டது.

"எதுக்கு?" என்றான் ஒஸ்மோ.

அதற்குப் பதில் சொன்னது இரண்டாவது தவறு. ஒஸ்மோ போன் கம்பெனியில் ஆன்டெனாப் பிரிவுக்குத் தலைவனாக இருந்தவன். நாற்பது பேரை மேய்த்தவனுக்கு இப்போது மேய்க்க ஒரு பூனை மட்டும் மிஞ்சியிருந்தது. அதுவும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஐலா சொன்னதைக் கேட்டதும் அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதே அவள் மாடிக்கு ஓடியிருக்க வேண்டும்.

"ட்ரில்லு கெடக்கட்டும் ஐலா. இத இப்படி அவசரப்பட்டு ஓட்டை போட்டு முடிக்கற விஷயமா நெனைக்காத. இதுக்கு ஒரு குழு போடுவோம்."

சாயங்காலத்துக்குள் மாடிப்படி அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியாகிவிட்டது. டிரெய்லர் செயற்குழு, புதனும் சனியும், தரைத்தளக் கூட்ட அறை. கீழே தடித்த எழுத்தில் 'தல்கோ' என்று போட்டிருந்தது. அந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு மேல் பேச்சில்லை. அக்கம்பக்கத்தார் கூலி வாங்காமல் வந்து உனக்கு வேலை செய்வார்கள். நீ அவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு போட வேண்டும். போடாதவள் பெயர் ஏழு மாடிக்கும் நாறிப்போகும். ஆகவே ஐலா முதல் புதன்கிழமை பெரிய பானை நிறைய சால்மன் சூப் வைத்தாள். உருளைக்கிழங்கு, லீக்ஸ், பால், கடைசியில் ஒரு கைப்பிடி தில் கீரை, கூடவே வெண்ணெய் தடவிய கம்பு ரொட்டி.

ஐந்து பேர் வந்தார்கள். தலைவன் ஒஸ்மோ. குறிப்பெழுத இல்மாரி. போன் கம்பெனியில் தரச் சோதனை செய்தவன், கழுத்தில் இன்னமும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். பனியில் வழுக்கிப் போகும் சறுக்குக்கட்டைகளின் நிபுணன் தௌனோ. கட்டையின் அடியில் தேய்க்க அவனிடம் நாற்பத்தொரு டப்பா மெழுகு உண்டு, ஒவ்வொரு குளிருக்கும் ஒன்று. பனியைக் கண்டால் குனிந்து தெர்மாமீட்டரைச் செருகிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பான். மற்ற இருவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை, சாப்பிடத் திறந்ததைத் தவிர.

"மொதல்ல பிரச்சனைய வரையறுக்கணும்," என்றான் ஒஸ்மோ.

"சக்கரம் பனியில புதையுது," என்றாள் ஐலா.

"அது அறிகுறி. பிரச்சனை வேற."

பிரச்சனையை வரையறுக்க முதல் வாரம் ஓடிற்று. இரண்டாம் வாரம் டிரெய்லரை அக்கக்காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு நட்டும் ஒரு சின்னப் பைக்குள் போய், ஒவ்வொரு பைக்கும் ஒரு எண் வந்தது. ஐலா கடையிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் சுமந்து வந்தாள். எதற்கு? டிரெய்லர் குழுவுக்குச் சூப் வைக்க.

மூன்றாவது கூட்டத்தில் அவள் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தாள். "ஏன்யா, கொழந்தைங்க சறுக்குக்கட்டை ரெண்டு வாங்கி, மேல ரெண்டு பக்கமும் பலகை அடிச்சு, நடுவுல சக்கரத்தத் தூக்கி வச்சு, ரப்பர் பட்டையால கட்டிட்டா என்ன? கரை வரைக்கும் சக்கரத்துல போறேன். கரையில கட்டிக்கறேன். அவ்வளவுதானே வேல?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் ஒரு குழந்தை எழுந்து பாட்டுப் பாடினால் பெரியவர்கள் முகத்தில் ஒரு கனிவு வருமே, அது வந்தது.

"நல்ல யோசனைதான்மா," என்றான் ஒஸ்மோ. "ஆனா அப்படி வச்சா பாரத்தோட மையம் ஆறு சென்டிமீட்டர் மேல போயிரும்."

"போனா?"

"போகக் கூடாது."

"கொழந்தைங்க கட்டைக்கு எந்த மெழுகும் சரியா ஒட்டாது," என்று தௌனோ ஒரு சாவுச் செய்தி சொல்வது போலச் சொன்னான்.

"யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கா?" என்று ஒஸ்மோ கேட்டான். யாரும் பேசவில்லை. ஐலாவும் பேசவில்லை. பேசி என்ன ஆகப் போகிறது? அங்கே வாய் மூடியிருந்தால் சம்மதம் என்று பொருள். இல்மாரி எழுதிக்கொண்டான்: யோசனை பரிசீலிக்கப்பட்டது, யோசனையாளர் உட்பட அனைவராலும் ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. எழுதிவிட்டுத் தன் கிண்ணத்தை நீட்டினான். "அடியில கெடக்கற மீனா பாத்து ஊத்து ஐலா."

நான்காம் வாரம் ஒரு வழியாக வண்டி எழுந்து நின்றது. சக்கரம் போன இடத்தில் பந்தயத்துக்குப் போகும் சறுக்குக்கட்டைகள் இரண்டு. அவற்றைத் தாங்க நான்கு அலுமினியக் கைகள். கைகளுக்கு நடுவே ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கு மேல் எதற்கென்றே தெரியாத ஒரு திருகு. பார்ப்பதற்கு என்னவோ அழகாகத்தான் இருந்தது. ஆனால் பொடிக்கல் தூவிய பாதையில் அதை ஓரடி நகர்த்த முடியாது. ஆகவே சோதனைக்காக அதை ஐந்து பேரும் தோளில் வைத்து, கடற்கரை வரை இரண்டு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐலா பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். எதிரே வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள், யாருக்கோ இறுதிச் சடங்கு என்று நினைத்து.

"போட்டியன்னிக்கும் இப்படித்தான் தூக்கிட்டு வருவீங்களா?" என்று ஐலா கேட்டாள்.

"அது ரெண்டாங் கட்டம்," என்றான் ஒஸ்மோ.

கரையில் படகு இறக்கும் சரிவு ஒன்று இருக்கிறது. முப்பது அடி நீளம்தான், கீழே கடல். சூப்புக்குப் பதிலாக நாற்பது லிட்டர் தண்ணீரைக் கேனில் நிரப்பி வைத்தார்கள். தௌனோ பனியில் தெர்மாமீட்டரைச் செருகினான், மைனஸ் ஒன்பது டிகிரி என்றான், டப்பாக்களை முகர்ந்து பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். மண்டியிட்டு அரை மணி நேரம் தேய்த்தான். எதற்குத் தேய்க்கிறோம் என்று அவனும் யோசிக்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. மெழுகு போடாத சறுக்குக்கட்டையைப் பனியில் வைப்பது அந்த ஊரில் பல் துலக்காமல் கல்யாணத்துக்குப் போவதைப் போல. சூப்புக்கு ஜெயிக்க வேண்டிய பந்தயம் எதுவும் இல்லை என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. ஐலாவின் மண்டையில் ஏறியது. ஆனால் அவள் சைக்கிளில் ஏறியாகிவிட்டது.

"மெதுவா எறங்கு," என்றான் ஒஸ்மோ.

ஐலா மெதுவாகத்தான் இறங்கினாள். டிரெய்லர் இறங்கவில்லை, பாய்ந்தது. பாதிச் சரிவில் அது அவளுடைய பின்சக்கரத்தை முட்டித் தள்ளிற்று, அப்புறம் பக்கவாட்டில் வந்து அவளோடு சேர்ந்து ஓடிற்று, அப்புறம் அவளை முந்திற்று. கொக்கி சைக்கிளைச் சுழற்றி வீசிக் கழன்றுகொண்டதில் அவள் தலைகுப்புறப் பனிக்குள் போனாள். கேன் உருண்டு, மூடி தெறித்து, நாற்பது லிட்டர் தண்ணீரில் பாதி அவள் கால்சட்டையில் கொட்டிற்று. டிரெய்லர் தன் பாட்டுக்கு உறைகடலில் நூறடி தள்ளிப் போய், ஒரு கீறல் இல்லாமல் நின்றது.

ஐந்து பேரும் ஓடி வந்தார்கள். அவளைத் தாண்டி ஓடினார்கள். டிரெய்லரிடம் போய் நின்று, குனிந்து, அலுமினியக் கைகளைத் தடவிப் பார்த்தார்கள்.

"நாலு புள்ளி மூணு செகண்டு!" என்று இல்மாரி ஸ்டாப்வாட்சைத் தூக்கிக் காட்டினான்.

"நான் சொன்னேன்ல? நீல டப்பா நீல டப்பாதான்!" தௌனோவின் குரல் தழுதழுத்தது.

ஐலா தானே எழுந்தாள். வீட்டுக்குப் போவதற்குள் கால்சட்டை பலகையாக விறைத்துவிட்டது, முட்டியை மடக்க முடியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு விறைத்த காலோடு நடந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. வலியால் அல்ல. போட்டிக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

புதன்கிழமைக் கூட்டத்தில் இல்மாரி சோதனை அறிக்கையை வாசித்தான். வண்டி எதிர்பார்ப்பைத் தாண்டிச் செயல்பட்டது. ஓட்டுநர் வண்டியின் பாதையிலிருந்து விலகினார்.

"ஆக, ஓட்டுறவங்களுக்குத்தான் பயிற்சி வேணும்," என்றான் ஒஸ்மோ. "பிரேக்குக்கு ஒரு துணைக்குழு போடணும். எப்படிப் பாத்தாலும் இந்த மார்ச்சுக்குள்ள முடியாது. அடுத்த வருஷப் போட்டிக்குன்னு தேதிய மாத்திக்குவோம். மாற்றுக் கருத்து?"

எல்லோர் பார்வையும் அடுப்பில் இருந்த பானை மேல் இருந்தது. ஒஸ்மோ தன் பையிலிருந்து மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். வியாழக்கிழமைச் சாப்பாட்டுக்கு. வாயே திறக்காத இருவரும் ஆளுக்கொரு டப்பா எடுத்து வைத்தார்கள்.

ஐலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் இவர்கள் ஏன் முடிக்கவில்லை என்று முட்டிக்கொண்டிருந்தாளே, முடித்தால் சூப் நின்றுவிடும். வாரம் இரண்டு நாள் சுடச்சுடச் சாப்பாடும், உட்கார்ந்து பேச ஒரு மேசையும், தலையாட்ட ஒரு தலைவனும் கிடைத்த பிறகு எந்த மடையன் வேலையை முடிப்பான்? அவர்கள் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அவ்வளவு சாமர்த்தியம் அவர்களுக்குக் கிடையாது. ஆனாலும் அவள் பானையைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

அவள் பானையை மூடினாள். "இன்னிக்கு சூப் கெடையாது."

"தல்கோன்னா சாப்பாடு போடணும்ல?" என்றான் தௌனோ, நிஜமாகவே திடுக்கிட்டு.

"தல்கோன்னா வேல முடியணும்ல?"

"இது தொழில்நுட்ப விஷயம் ஐலா, ஒனக்கு—"

"எனக்குப் புரியாது. சரி. என் வண்டிய எங்கிட்ட குடுத்துருங்க. எனக்குச் சக்கரம் வச்ச வண்டி புரியும்."

நான்கு பேர் கோட்டை மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல், காலி டப்பாக்களோடு போனார்கள். ஒஸ்மோ மட்டும் வாசலில் நின்றான். கையுறையைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான்.

"புதன்கெழம இங்க வரலன்னா நான் வீட்ல ஜன்னலப் பாத்துட்டுத்தான் உக்காந்திருக்கணும்," என்றான். "சனிக்கெழமையும் அப்படித்தான். மத்த நாளும்."

அந்த ஊரில் ஒரு ஆண்பிள்ளை அவ்வளவு பேசுவது, மற்ற ஊரில் நடுத்தெருவில் புரண்டு அழுவதற்குச் சமம். ஐலாவின் மனசு ஒரு கணம் இளகியது. இளகியதும் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"ஒன் ஜன்னலுக்கு என் வண்டியா கெடச்சுது ஒஸ்மோ? பசிக்குது, தனியா இருக்கு, வந்து சாப்பிடறேன்னு நேராக் கேட்டிருந்தா ஊத்தியிருக்க மாட்டேனா? நான் ஒரு ட்ரில் மிஷின் கேட்டேன். ஒரே ஒரு ட்ரில் மிஷின்."

ஒஸ்மோ போய்விட்டான்.

ட்ரில் மிஷினை அவள் நூலகத்தில் இரவல் வாங்கினாள். அங்கே புத்தகத்தோடு அதையும் தருவார்கள், எதற்கு என்று கேட்க மாட்டார்கள். பழைய சாமான் கடையில் குழந்தைகள் சறுக்குக்கட்டை ஒரு ஜோடி கிடைத்தது. ரோஸ் நிறம், மூக்கில் முயல் படம். எண் போட்ட பைகளையெல்லாம் தரையில் கொட்டி, தேவையான நட்டுகளை மட்டும் பொறுக்கிச் சக்கரங்களைத் திரும்ப மாட்டினாள். மிச்சம் ஒரு குவியல் இருந்தது. இவ்வளவு நட்டு தன் வண்டியில் எப்போதும் இருந்ததில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கட்டையின் மேல் இரு பக்கமும் பலகை அடித்து நடுவே சக்கரம் உட்காரப் பள்ளம் செய்தாள். பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டையாக்கினாள்.

இரண்டு நாள் கழித்து உருளைக்கிழங்கு மூட்டையை ஏற்றித் தனியாகக் கடலில் இழுத்துப் பார்த்தாள். முதல் ஐம்பதடியிலேயே கட்டைகளின் மூக்கு பனிக்குள் குத்திக்கொண்டு வண்டி குப்புறக் கவிழ்ந்தது. நின்று யோசித்தாள். துணி காயப்போடும் கயிற்றால் இரண்டு மூக்கையும் மேலே இழுத்து வண்டிச் சட்டத்தில் கட்டினாள். அப்புறம் குத்தவில்லை. சரிவில் இறங்குவதற்குக் கட்டைகளின் அடியில் தடித்த கயிறு ஒன்றை நாலு சுற்றுச் சுற்றினாள். கயிறு பனியைப் பிடித்துக்கொண்டு, கிழவனைப் போல் முனகியபடி வண்டியை இறக்கிற்று. கீழே வந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டால் ஆயிற்று. மெழுகு ஒரு பொட்டுக்கூட இல்லை. பாரத்தின் மையம் எங்கே போயிற்றோ, அவளுக்குத் தெரியாது. போனது திரும்பி வந்து எதுவும் கேட்கவில்லை.

போட்டியன்று காலை ஒன்பதரைக்கு இரண்டு கேன் சூப்பை ஏற்றி, கம்பளியால் சுற்றி, மேலே ஆட்டுத்தோலைப் போர்த்திக் கிளம்பினாள். பாதையில் சக்கரம் உருண்டது. கரையில் கட்டையைக் கட்டினாள். சரிவில் இறங்கினாள். கடலில் எதிர்க்காற்று முகத்தை அறைந்தது. இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் மனிதர்கள் மிளகு தூவியது போலத் தெரிந்தார்கள். பாதித் தூரத்தில் பனி வெடித்து மேடாகியிருந்த இடத்தைத் தாண்டும்போது இடது கட்டை நழுவிப் போயிற்று, சக்கரம் புதைந்தது. கையுறையோடு முடிச்சுப் போட வரவில்லை. கழற்றினாள். குளிரில் விரல்கள் கட்டையாகி, எது விரல், எது ரப்பர் என்று தெரியவில்லை. பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். மணி பார்க்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பதினொன்றாக ஆறு நிமிடம் இருந்தது. பெண்டி தன் பனி ஸ்கூட்டரில் சாய்ந்தபடி, எதற்கும் இருக்கட்டும் என்று அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். ஐலா கேனைத் திறந்தாள். குபுகுபுவென்று ஆவி எழுந்தது, தில் வாசம் காற்றில் போயிற்று. முந்நூறு பேரும் தலையைத் திருப்பினார்கள். எழுந்து வரிசையில் நின்றார்கள். பெண்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் அடுப்பை அணைத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

வரிசையில் ஒஸ்மோவும் தௌனோவும் இல்மாரியும் இருந்தார்கள். அவர்களும் வருடா வருடம் தூண்டில் போட வருகிறவர்கள்தான். ரோஸ் நிற முயல் கட்டைகளைப் பார்த்துவிட்டு, வேறு எங்கேயாவது பார்க்க இடம் தேடினார்கள். உறைந்த கடலில் பார்க்க வேறு என்ன இருக்கிறது?

கெம்பைனென் தாள் அட்டையும் பேனாவுமாக வந்தான். சூப்பை நின்றபடியே குடித்து முடித்தான். குனிந்து கட்டைகளையும் பட்டைகளையும் கயிற்றையும் ஆராய்ந்தான். தலையை ஆட்டினான். நிமிர்ந்து, நேராக ஒஸ்மோவிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"கலக்கிட்டீங்கய்யா! அஞ்சு வாரமா குழு, கூட்டம்னு நீ சொல்லும்போதெல்லாம் நான் நம்பல. எவ்வளவு எளிமையா முடிச்சிருக்கீங்க! இன்ஜினியர் மூள இன்ஜினியர் மூளதான். ஐலா, அஞ்சு வருஷத்துக்கு எழுதிடறேன். 'ஒஸ்மோ குழு'ன்னே போட்டுடவா? பொறுப்பா ஒரு ஆளு வேணும்ல, வண்டி கிண்டி ரிப்பேர் ஆனா?"

ஒஸ்மோ வாயைத் திறந்தான். மூடினான். கழுத்துவரை சிவந்தான். தௌனோ பனியின் தரத்தை ஆராய்ந்தான். இல்மாரி ஸ்டாப்வாட்சைப் பார்த்தான். கெம்பைனென் பேனா மூடியைப் பல்லால் கழற்றினான்.

மூன்று பேருக்குச் சூப் ஊற்றுகிற நேரத்தை ஐலா அவர்களுக்குக் கொடுத்தாள். மூன்று கிண்ணம் ஊற்றினாள். யாரும் பேசவில்லை. நான்காவது கிண்ணத்தை ஊற்றாமல் கரண்டியைக் கேனுக்குள் போட்டாள்.

"கெம்பைனென்! எழுதாத!"

கடலில் சத்தம் வெகுதூரம் போகும். கடைசித் துளைக்காரன் வரை திரும்பிப் பார்த்தான்.

"சூப்பு நான் வச்சது. வண்டி என்னுது. இந்தக் கட்டைய நான் கட்டினேன், இங்க வர்ற வழியில மறுபடியும் கட்டினேன், பாரு, வெரல்ல தோலு இல்ல. இத நான் மூணாவது கூட்டத்துலயே சொன்னேன். வேணாம்னாங்க. இவங்க குழு அஞ்சு வாரமா ஒண்ணு செஞ்சுது. அது என்னன்னா, சாப்பிட்டாங்க. நல்லாச் சாப்பிட்டாங்க, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என் பேரு ஐலா வெஹ்காபெரா. தெரியலன்னா எழுத்துக் கூட்டிச் சொல்றேன்."

வரிசையில் யாரோ கையுறைக்குள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மெல்ல ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயிற்று. அந்த ஊரில் பத்துப் பேர் கூடும் இடத்தில் ஒருவர் இன்னொருவர் முகத்துக்கு நேரே இப்படிச் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ஐலா சொன்னதற்கு வருந்தவில்லை. முன்பே சொல்லாமல் போனோமே என்றுதான் வருந்தினாள், ஐந்து வாரமும், அதற்கு முந்திய இருபத்திரண்டு வருடமும்.

கெம்பைனென் ஒஸ்மோவைப் பார்த்தான். "நெசமாவா?"

"நெசம்," என்றான் ஒஸ்மோ. "அவ சொல்றது எல்லாம் நெசம்."

கெம்பைனென் அட்டையில் எழுதினான். எழுதியதை அவளிடம் காட்டினான். ஐலா படித்துப் பார்த்தாள், ஒவ்வொரு எழுத்தாக. ஒரு எழுத்துத் தப்பு இல்லை. கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள்.

ஒஸ்மோ வரிசையை விட்டுப் போய்விடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் போகவில்லை. முன்னால் இருந்த எட்டுப் பேர் நகரும் வரை, எல்லோரும் அவனைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருக்க, நின்றான். அவன் முறை வந்ததும் காசைத் தட்டில் வைத்தான். மற்றவர்கள் வைத்த அதே காசு. ஐலா மற்றவர்களுக்கு ஊற்றிய அதே அளவு ஊற்றினாள். ஒதுங்கி நின்று, தொப்பியைக் கழற்றாமல், ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான்.

"நல்லாருக்கு," என்றான் கிண்ணத்தைப் பார்த்து.

கேண்டீனில் அவள் அவனுக்கு எத்தனை ஆயிரம் தட்டு நீட்டியிருப்பாள்? அந்த ஒரு சொல் இதுவரை வந்ததில்லை, அவனிடமிருந்தும் வந்ததில்லை, வேறு எவனிடமிருந்தும் வந்ததில்லை. அது காதில் விழுந்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இத்தனை நடந்தும் இவன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு இப்படி நிறைகிறதே என்று அடுத்த நொடியே பற்றிக்கொண்டு வந்தது.

"தெரியும்," என்றாள் ஐலா. "நகரு. அடுத்த ஆளு வரட்டும்."